பார்மேட் அடிப்பதற்கு முன்னால்

கறுப்புத் திரையின் இடது மூலையில் ‘கிரப் ரெஸ்க்யூ>’ என்று ஒற்றை வரி. அதற்கு மேலே, அப்படியொரு பார்ட்டிஷனே இல்லை என்று ஒரு புகார். நேற்று இரவு ஒழுங்காக அணைத்து வைத்த கணினி. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் அரை நொடி திரையைப் பார்ப்பார். “கிரப் போயிருச்சு சார். பார்மேட் அடிச்சுப் புதுசா ஏத்திடலாம்.” லினக்ஸிலேயே ஊறியவர்களிடம் கேட்டாலும் மருந்துதான் கொஞ்சம் மாறும், நோய்க்கு அதே பெயர்தான்: லைவ் யூஎஸ்பி போடு, கிரப்-இன்ஸ்டால் ஓட்டு, சரியாகிவிடும்.

இந்தப் ‘போயிருச்சு’தான் தகராறு. போனது எது, எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பூட் ஆகாமல் நிற்கும் லினக்ஸ் கணினியில் பெரும்பாலும் எந்தக் கோப்பும் அழிந்திருக்காது, கெட்டும் இருக்காது. ஒரு நிரல் ஓரிடத்தில் தேடிக்கொண்டிருக்கும். கோப்பு வேறோரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். இது முகவரிக் கோளாறு. தபால் வந்து சேரவில்லை என்று புகார் சொன்னவருக்கு வீட்டை இடித்துக் கட்டித் தருவதுதான் இன்றைக்கு நடக்கும் வைத்தியம்.

முதல் சாட்சி அந்தத் திரையே. லினக்ஸை எழுப்பிவிடும் நிரலான கிரப்புக்கு இரண்டு வாய்கள் உண்டு. ‘கிரப்>’ என்று மட்டும் வந்தால் கிரப் முழுசாக ஏறிவிட்டது, மெனுவுக்கான கிரப்.சிஎஃப்ஜி கோப்பு மட்டும் அதன் கண்ணில் படவில்லை என்று பொருள். ‘கிரப் ரெஸ்க்யூ>’ என்று வந்தால் சிக்கல் ஒரு படி முன்னாலேயே நடந்திருக்கிறது, நார்மல்.மாட் என்ற மாட்யூலைக்கூட அதனால் எடுக்க முடியவில்லை. எங்கே வலிக்கிறது என்று நோயாளியே விரலை வைத்துக் காட்டுகிறார். வைத்தியர் பார்ப்பதில்லை.

அந்த ரெஸ்க்யூ வரியிலேயே ‘எல்எஸ்’ என்று அடித்துப் பார்க்கலாம். (எச்டி0,ஜிபிடி1), (எச்டி0,ஜிபிடி2) என்று வட்டுகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். கிரப் வட்டுகளை 0 முதல் எண்ணும், பார்ட்டிஷன்களை 1 முதல் எண்ணும். இதில் ஏமாறாதவர் குறைவு. ஒவ்வொன்றாக ‘எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/’ என்று திறந்து பார்த்தால், ஏதோ ஒன்றில் பூட் கோப்புறையும் அதற்குள் கிரப் கோப்புறையும் தென்படும். பிறகு மூன்றே வரிகள்: ‘செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்’, ‘இன்ஸ்மாட் நார்மல்’, ‘நார்மல்’. பழைய மெனு அப்படியே வந்து நிற்கும். வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. கர்னல், மாட்யூல், மெனு எல்லாம் அங்கேயே இருந்தன. ப்ரிஃபிக்ஸ் என்ற ஒரு விலாசம்தான் தப்பு. லினக்ஸுக்குள் நுழைந்த பிறகு கிரப்-இன்ஸ்டாலை ஒருமுறை ஓட்டினால் அந்த விலாசம் நிரந்தரமாகத் திருந்தும்.

பூட் ஆவது என்றால் ஒரே நிரல் எழுந்து எல்லாவற்றையும் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கைமாற்றி ஓடும் ஓட்டம். யூஇஎஃப்ஐ உள்ள கணினியை எடுத்துக்கொண்டால், மதர்போர்டின் நினைவில் ஒரு குறிப்பு இருக்கிறது: இன்ன பார்ட்டிஷனில் \இஎஃப்ஐ\உபுண்டு\ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பை ஓட்டு. ஷிம் தன் பக்கத்திலேயே இருக்கும் கிரப்எக்ஸ்64.இஎஃப்ஐயை எழுப்பும். அது அதே கோப்புறையில் உள்ள கிரப்.சிஎஃப்ஜியைப் படிக்கும். உபுண்டுவில் அந்தக் கோப்பு மூன்றே வரிதான். இந்த யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அதில் /பூட்/கிரப் போ, அங்கே இருக்கும் உண்மையான கிரப்.சிஎஃப்ஜியைப் படி. அந்த இரண்டாவது கோப்பில்தான் மெனுவும், கர்னல் எங்கே என்பதும், கர்னலுக்குச் சொல்லவேண்டிய ரூட் பார்ட்டிஷனின் யூயூஐடியும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் அடுத்தவரின் விலாசம் மட்டும்தான் தெரியும். ரூட் பார்ட்டிஷனின் கோப்புகளை வேறு எஸ்எஸ்டியில் புதுப் பார்ட்டிஷனுக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதைக் கழற்றினால், மூன்று வரிக் கோப்பில் பழைய யூயூஐடி நிற்கும். புது வட்டில் எல்லாமே இருக்கும், தேடுகிறவருக்குத் தெரியாது. ‘கிரப்>’ வரும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. கையேடுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒரே கோப்புக்கு, பார்க்கிறவரைப் பொறுத்து, வெவ்வேறு முகவரி. லினக்ஸ் ஓடும்போது /பூட்/இஎஃப்ஐ/இஎஃப்ஐ/உபுண்டு/கிரப்.சிஎஃப்ஜி என்று தெரிவதே, கிரப்புக்கு (எச்டி0,ஜிபிடி1)/இஎஃப்ஐ/உபுண்டு/கிரப்.சிஎஃப்ஜி. அதே கோப்புறையை மதர்போர்டு பார்ப்பது பின்சாய்ந்த கோடுகளோடு, \இஎஃப்ஐ\உபுண்டு என்று. /பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு முடிச்சு: லினக்ஸில் /பூட்/கிரப் என்பது, கிரப்பின் பார்வையில் வெறும் /கிரப். மேலே சொன்ன ப்ரிஃபிக்ஸ் வரியை அப்படியே அடித்து, வேலை செய்யவில்லையே என்று தலையில் கைவைத்தவர்களில் பாதிப் பேர் மாட்டியிருப்பது இங்கேதான். ‘கோப்பு இல்லை’ என்று கிரப் சொன்னால், ‘நீ சொன்ன பெயரில் இல்லை’ என்றுதான் அதற்கு அர்த்தம்.

சரி, கிரப்பைத் திரும்பப் போட்டால் வேலை முடிகிறதே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல நேரம் முடியத்தான் செய்கிறது, ஏனென்றால் அது விலாசங்களையெல்லாம் ஒரேயடியாகத் திருப்பி எழுதுகிறது. ஆனால் எந்த இடத்தில் எழுதுகிறது? சொன்ன இடத்தில். அந்த இடமே தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020-ல் ஊரறிய ஓர் உதாரணம் கிடைத்தது.

அந்த ஆண்டு ஜூலை 29 அன்று ‘பூட்ஹோல்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. கிரப்.சிஎஃப்ஜியைக் கிரப் படிக்கும் விதத்திலேயே இருந்த பிழை அது. எக்லிப்சியம் என்ற நிறுவனம் கண்டுபிடித்தது. டெபியனும் உபுண்டுவும் உடனே திருத்தம் வெளியிட்டன. திருத்தத்தை ஏற்றி ரீஸ்டார்ட் செய்த சிலருக்கு, குறிப்பாகப் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் கணினிகளிலும் சர்வர்களிலும், திரையில் ‘கிரப்_கேலாக் என்ற சிம்பலைக் காணோம்’ என்று வந்து ரெஸ்க்யூ வரியில் நின்றது. புதிய கிரப்பே ஓட்டை என்று திட்டினார்கள்.

நடந்தது வேறு. பயாஸ் முறையில் கிரப் இரண்டு இடங்களில் வாழ்கிறது. வட்டின் முதல் செக்டார் 512 பைட். அதில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2 போக நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். அந்தத் துளி நிரல் அடுத்த செக்டார்களில் கிடக்கும் ‘கோர்’ பகுதியை எழுப்பும். கோர், /பூட்/கிரப் கோப்புறையில் இருக்கும் மாட்யூல்களைக் கூப்பிடும். கோரும் மாட்யூலும் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும். கோரை எந்த வட்டில் எழுதுவது என்பதை, முதன்முதலில் லினக்ஸ் ஏற்றியபோது சொன்ன பதிலிலிருந்து பேக்கேஜ் நினைவில் வைத்திருக்கிறது. நடுவில் வட்டை மாற்றியவர்கள், சர்வரின் படிமத்தை நகலெடுத்து வேறு பெயருள்ள வட்டில் ஓட்டியவர்கள் இந்தக் குறிப்பைத் தொட்டதே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே புதிய கோர், இல்லாத வட்டுக்கோ பூட் ஆகாத வட்டுக்கோ போனது. மாட்யூல்கள் மட்டும் சரியான கோப்புறையில் புதுசாகின. புது மாட்யூல் கேட்ட கிரப்_கேலாக் பழைய கோரில் கிடையாது. அவ்வளவுதான்.

இந்த நிலையில் குருட்டுத்தனமாகப் பேக்கேஜை மறுபடி நிறுவினால், மறுபடியும் அதே தப்பான வட்டில்தான் எழுதும். லைவ் யூஎஸ்பியிலிருந்து ‘/டெவ்/எஸ்டிஏ’ என்று பழக்கதோஷத்தில் அடித்தால், அன்றைக்கு எஸ்டிஏ என்பது அந்த யூஎஸ்பி குச்சியாகவே இருக்கலாம். சரியான மருந்து, ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி’ என்று ஓட்டி, வரும் பட்டியலில் உண்மையான வட்டுக்கு நேரே ஒரு டிக் போடுவது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே வாரத்தில் ரெட் ஹேட்டிலும் சென்டோஸிலும் கணினிகள் எழும்பாமல் போனதற்குக் காரணம் இடம் அல்ல. வெளியிட்ட ஷிம்மே பிழையாக இருந்தது. ஆனால் அங்கேயும் மறுபடி போடுவது உதவவில்லை, ஏனென்றால் மறுபடி வருவதும் அதே பிழையான ஷிம்தான். பழைய பதிப்புக்குத் திரும்புங்கள் என்றுதான் ரெட் ஹேட் சொன்னது. மறுபக்கம், 2022 ஆகஸ்ட் கடைசியில் ஆர்ச் லினக்ஸில் புதிய கிரப்.சிஎஃப்ஜியில் இருந்த ஒரு கட்டளை, ஏற்கெனவே நிறுவியிருந்த பழைய கிரப்புக்குப் புரியாமல் போனபோது, கிரப்-இன்ஸ்டால்தான் மெய்யான மருந்து. அதுவும் எந்தக் கோப்பு புதுசு, எது பழசு என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

இன்னும் வேடிக்கையான ஒரு வழக்கு உண்டு. ஒரே கணினியில் உபுண்டுவும் குபுண்டுவும் வைத்திருக்கிறார் ஒருவர். குபுண்டுவில் உட்கார்ந்து கர்னலுக்கு ஒரு ஆப்ஷன் சேர்க்கிறார், அப்டேட்-கிரப் ஓட்டுகிறார், ரீஸ்டார்ட் செய்கிறார். மாற்றம் இல்லை. மறுபடி மாற்றுகிறார். இல்லை. கடைசியில் கிரப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார். இரண்டுமே, மதர்போர்டு முதலில் படிக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ‘உபுண்டு’ என்ற ஒரே கோப்புறையைத்தான் பயன்படுத்துகின்றன. லினக்ஸ் மின்டும் நெடுநாள் அங்கேதான் குடியிருந்தது. அந்த மூன்று வரிக் கோப்பு, கடைசியாக யார் கிரப்பை நிறுவினாரோ அவருடைய பார்ட்டிஷனைச் சுட்டும். உபுண்டுவைப் பிறகு ஏற்றியிருந்தால், குபுண்டுவில் அப்டேட்-கிரப் எழுதிய கோப்பு அருமையான கோப்பு, ஒரு பிழை இல்லாத கோப்பு. யாரும் படிக்காத கோப்பு.

இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறவர்களுக்கு ஃபெடோரா வைத்த பரீட்சை இன்னும் கடினம். ஃபெடோராவில் கோப்புறையின் பெயரே கிரப் அல்ல, கிரப்2. முன்பு யூஇஎஃப்ஐ கணினியில் மெனுக் கோப்பு இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஃபெடோரா கோப்புறைக்குள் இருந்தது; பயாஸ் கணினியில் /பூட்/கிரப்2-இல் இருந்தது. 2021-ல் வந்த ஃபெடோரா 34 இரண்டையும் ஒன்றாக்கியது: உண்மையான கோப்பு எல்லோருக்கும் /பூட்/கிரப்2-இல், பழைய இடத்தில் வழிகாட்டும் சின்னக் கோப்பு மட்டும். அதற்கு முன் எழுதிய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. அவற்றை நம்பிப் பழைய இடத்திலேயே எழுதச் சொன்னவர்கள் வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆபத்து எவ்வளவு பரவியது என்றால், பின்னால் அந்தக் கட்டளைக்குள்ளேயே ஒரு தடை வைத்தார்கள். அந்த இடத்தைச் சொன்னால், இது வழிகாட்டிக் கோப்பை அழித்துவிடும் என்று எழுத மறுக்கிறது. போதாததற்கு, 2019-ல் வந்த ஃபெடோரா 30 முதல் ஒவ்வொரு கர்னலுக்கும் /பூட்/லோடர்/என்ட்ரீஸில் தனித்தனிச் சிறு கோப்பு. மெனுவில் உள்ள பெயர்களைக் கிரப்.சிஎஃப்ஜிக்குள் தேடுகிறவர் தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

கோப்பு கண்ணெதிரே இருந்தும் மறைந்துபோகும் விதம் ஒன்று உண்டு. லினக்ஸில் ஒரு கோப்புறையின் மேல் பார்ட்டிஷனை மவுன்ட் செய்தால், அந்தக் கோப்புறையில் ஏற்கெனவே இருந்தவை மேசைமேல் விரித்த துணிக்கு அடியில் போனதுபோல மறைந்துவிடும். /பூட் தனிப் பார்ட்டிஷனாக உள்ள கணினியை லைவ் யூஎஸ்பியிலிருந்து பழுதுபார்க்கிறவர், ரூட் பார்ட்டிஷனை மட்டும் மவுன்ட் செய்துவிட்டு /பூட்டை மறந்தால், அவர் புதிதாக நிறுவும் கர்னலும் மெனுவும் ரூட்டுக்குள் இருக்கும் வெற்று /பூட் கோப்புறையில் போய் விழும். எல்லாக் கட்டளையும் வெற்றி என்று சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் பழைய பாடு. ஆர்ச் பயனர்களுக்கு இதன் உச்சக்கட்டம் தெரியும். இஎஃப்ஐ பார்ட்டிஷனையே /பூட்டாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அது மவுன்ட் ஆகாமல் இருக்கும்போது கர்னல் அப்டேட் நடக்கிறது. அடுத்த முறை பூட் ஆவது பார்ட்டிஷனில் உள்ள பழைய கர்னல். அதற்கான மாட்யூல்களோ அப்டேட்டில் நீங்கிவிட்டன. இப்போது /பூட்டை மவுன்ட் செய்ய விஃபேட் மாட்யூல் வேண்டும். ‘விஃபேட் என்ற ஃபைல்சிஸ்டம் தெரியாது’ என்று பதில் வருகிறது. சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டியிருக்கிறது. இங்கே கிரப்பின்மேல் ஒரு பழுதும் இல்லை. லைவ் யூஎஸ்பியில் ஏறி, சரியான பார்ட்டிஷனைச் சரியான இடத்தில் மவுன்ட் செய்து, கர்னல் பேக்கேஜை மட்டும் மறுபடி நிறுவினால் போதும்.

பிரபலமான இன்னொரு குற்றச்சாட்டு, ‘விண்டோஸ் கிரப்பைத் தின்னுடுச்சு’ என்பது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் வந்தன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மெனுவோடு வளர்ந்த தலைமுறைக்கு இந்த வசை பழக்கம். பயாஸ் காலத்தில் அதில் உண்மை இருந்தது. விண்டோஸ் நிறுவினால் முதல் செக்டாரில் தன் நிரலை எழுதிவிடும், கிரப் அழியும். யூஇஎஃப்ஐயில் இருவருக்கும் தனித்தனிக் கோப்புறை. விண்டோஸ் தன்னுடைய மைக்ரோசாஃப்ட் கோப்புறையில் எழுதிவிட்டு, பூட் வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும். உபுண்டு கோப்புறை அப்படியே இருக்கும். இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் வரிசையை மாற்றும் ஒரே கட்டளை, அல்லது மதர்போர்டின் மெனுவில் இரண்டு கிளிக்.

விண்டோஸ் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. 2024 ஆகஸ்ட் 13 அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டு ஓஎஸ் உள்ள பல கணினிகளில் லினக்ஸ் எழும்பவில்லை. ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது, எஸ்பேட் சோதனை தோற்றது என்று ஷிம் அலறியது. அப்போதும் வட்டிலிருந்த ஒரு கோப்பையும் யாரும் தொடவில்லை. பழைய ஷிம்களை ஏற்காதே என்ற புதிய எஸ்பேட் பட்டியல் மதர்போர்டின் நினைவில் எழுதப்பட்டிருந்தது. அந்த நினைவு பார்மேட்டுக்கு அடங்காது. பழைய ஷிம் உள்ள லைவ் யூஎஸ்பிகளும் அதே அலறலோடு நின்றன. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், அந்தப் பட்டியலை நீக்கிய பிறகுதான் வழி பிறந்தது. பார்மேட் அடித்தவர்கள் தரவையும் இழந்தார்கள், அதே பழைய ஷிம்மை ஏற்றி அதே திரையையும் பார்த்தார்கள்.

லினக்ஸ்காரர்கள் கோப்புகளை இஷ்டத்துக்கு இறைத்து வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சுருக்கமானது. ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் இருக்கிறது. மதர்போர்டுக்குப் புரிவது ஃபேட் மட்டும், ஆகவே ஒரு பகுதி அங்கே. லினக்ஸின் ஃபைல்சிஸ்டங்களைப் படிக்கக் கிரப்புக்குத் தெரியும், ஆகவே மீதி இங்கே. ஃபைல்சிஸ்டமே தெரியாத லிலோவின் காலத்தைக் கேட்டுப் பாருங்கள். கர்னல் இருக்கும் செக்டார் எண்களை அது குறித்து வைத்துக்கொள்ளும். புதுக் கர்னலை அதே பெயரில் நகலெடுத்துவிட்டு லிலோவை ஒருமுறை ஓட்ட மறந்தால், கோப்பு பெயர் மாறாமல் அதே கோப்புறையில் இருக்கும், கணினி மட்டும் எழும்பாது. லிலோவின் சொந்தக் கோப்பே இப்படி இடம் மாறியிருந்தால், திரையில் ‘எல்ஐ’ என்று இரண்டு எழுத்தோடு நிற்கும். எத்தனை எழுத்து வந்தது என்பதை வைத்தே எந்தப் படியில் நின்றது என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லிவிடுவார்கள்.

இன்றைக்கு உங்கள் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். டெர்மினலைத் திறந்து மூன்று கட்டளைகளை அடியுங்கள். ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி’, மதர்போர்டு எந்தக் கோப்பை எழுப்புகிறது என்று காட்டும். இப்போது எந்தக் குறிப்பு வழியாக ஏறியிருக்கிறீர்கள் என்பதும் அதில் இருக்கும். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’, எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்த யூயூஐடி என்று காட்டும். ‘ஃபைன்ட்மவுன்ட்’, எது எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது என்று சொல்லும். முதல் கட்டளை யூஇஎஃப்ஐ இல்லை என்று மறுத்தால் நீங்கள் பயாஸ் முறையில் இருக்கிறீர்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாளைக்கு லைவ் யூஎஸ்பியும் அதே முறையில் ஏறவேண்டும். திரையைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். என்றைக்காவது கறுப்புத் திரையோடு கடைக்குப் போகும்போது, கணினியைக் கொடுப்பதற்கு முன் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.